பழைய டாடா 207ல இன்னோவா சீட்டு: வீட்டுல வச்சே மாட்டலாமா?

தம்பி கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியணும்ல. 2007 மாடல் டாடா 207 பிக்கப், சொந்த வண்டி, அப்பாதான் ஓட்டுறாரு, தினமும் தக்காளி ஏத்திக்கிட்டு மார்க்கெட் போய் வர 90 கிலோமீட்டர். டிரைவர் சீட்டு இடது பக்கமா சரிஞ்சு உக்காந்துருச்சு, ஸ்பிரிங் கம்பி தொடையில குத்துது, அப்பாவுக்கு ஆறு மாசமா இடுப்பு வலி. பழைய சாமான் கடையில இன்னோவா முன்சீட்டு ஜோடி 7,000 ரூபாய் சொல்றாங்க. "போல்ட் ஓட்டை செட் ஆகுமாண்ணா, ஆகலைன்னா தரையில புதுசா டிரில் போட்டு வாசர் வச்சு நானே முடுக்கிக்கலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. கேட்டது ஓட்டையைப் பத்தின்னாலும் உள்ளுக்குள்ள இருக்கறது ரெண்டு கேள்வின்னு எனக்குத் தோணுது. அப்பா வலி இதுல தீருமா, அப்புறம் நான் முடுக்குன சீட்டு ஒரு நாள் எங்கயாவது முட்டுனா அவரைப் பிடிச்சு நிறுத்துமா. முதல் கேள்விக்குப் பாதிதான் ஆமாம். ரெண்டாவதுக்கு, நீங்க சொல்ற மாதிரி வாசர் வச்சு முடுக்குனா நிக்காது, ஆனா வேற மாதிரி பண்ணா வீட்டுலயே பண்ணி நிக்க வைக்கலாம்.

நான் யாருன்னா, கரூர்ல பஸ் பாடி கட்டுற பட்டறையில 11 வருஷம் சீட்டு பிட்டிங், அதுக்கப்புறம் சொந்தமா சீட்டு கடை 14 வருஷம். இன்ஜினியர் கிடையாது, சீட்டை டெஸ்ட் பண்ற லேப் வாசலைக்கூட மிதிச்சதில்ல, உங்க வண்டியையும் பாக்கல. அதனால கை வச்சுப் பண்ணுனதை உறுதியா சொல்வேன், ஊகமா சொல்றதை ஊகம்னே சொல்லிடறேன்.

ஓட்டை செட் ஆகாது, அதை மறந்துருங்க. நாலு கால் சீட்டுல ரெண்டு காலு தற்செயலா ஒத்து வரும், மீதி ரெண்டும் ரெண்டு விரக்கடை தள்ளி நிக்கும், அப்ப மனசு சொல்லும் "காலை கொஞ்சம் வளைச்சா போதும்"னு, அதைப் பண்ணாதீங்க. இன்னொரு சிக்கல் மரை. டொயோட்டா சீட்டுக்கு வர்ற எம் 10 போல்ட் (10 மில்லி கனம்) 1.25 பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.25 மில்லி இடைவெளி, 14 ஸ்பேனர் தலை. நம்ம ஊரு ஹார்டுவேர் கடையில எம் 10ன்னு கேட்டா குடுக்கறது 1.5 பிட்ச். ரெண்டு சுத்து கையிலயே ஏறும், மூணாவது சுத்துல இறுகும், "ஓ டைட் ஆயிருச்சு"ன்னு நெனப்பீங்க, ஆனா மரை நசுங்கிட்டு இருக்கும். எந்த போல்ட்டா இருந்தாலும் அடிவரைக்கும் கையாலயே ஏறணும், அதுக்கப்புறம்தான் ஸ்பேனர்.

இப்ப தரைக்கு வருவோம், மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. கடை போட்ட புதுசுல ஒரு கோழி வண்டிக்கு நானே நீங்க கேக்குற மாதிரிதான் சீட்டு மாட்டிக் குடுத்தேன், தரைத் தகட்டுல நாலு ஓட்டை, அடியில சாதா வாசர், நல்லா இழுத்து முடுக்கி அனுப்பிட்டேன். எட்டு மாசம் கழிச்சு "சீட்டு ஆடுதுண்ணா"ன்னு வந்து நின்னாரு. தரை மேட்டைத் தூக்கிப் பாத்தா பின்னாடி ரெண்டு போல்ட்டுக்கும் அடியில தகடு பணியாரக் குழி மாதிரி மேல பிதுங்கி நிக்குது, ஓட்டையில இருந்து நாலு பக்கமும் நட்சத்திரம் மாதிரி விரிசல், ஒரு விரிசல் சுண்டுவிரல் நீளம். எங்கயும் முட்டல, மோதல. தெனமும் ஓடுனதும், குழியில வண்டி குதிச்சதும், அவ்வளவுதான். அன்னைக்கு அந்த வண்டி ஒரு மாட்டு மேல முட்டிருந்தாக்கூட சீட்டோட ஆளும் ஸ்டியரிங் மேல போயிருப்பாரு, அதை நெனச்சா இன்னும் வயித்தைக் கலக்குது.

ஏன் அப்படின்னா, வண்டி மோதும்போது சீட்டு முன்னாடி நகருறதை விட கவுறப் பாக்கும். முன்காலு தரையை அமுக்கும், பின்காலு தரையைப் பிச்சுக்கிட்டு மேல வரப் பாக்கும். ஐரோப்பிய விதிப்படி சீட்டைச் சோதிக்கறப்ப புவியீர்ப்பு மாதிரி 20 மடங்கு வேகத்துல சட்டுனு நிறுத்துற இழுப்பு குடுத்துப் பாப்பாங்க. சீட்டு மட்டும் 18 கிலோன்னு வைங்க, அந்த நேரத்துல அது 360 கிலோ மாதிரி இழுக்கும். பெல்ட்டு பக்கிளும் சீட்டுலயே இருந்தா 75 கிலோ ஆளோட இழுப்பும் சேரும், அது தனியா 1,500 கிலோ. போல்ட்டு தாங்கும், அதுல சந்தேகமில்ல, 8.8 கிரேடு (போல்ட்டோட பலத்தைச் சொல்ற நம்பர்) எம் 10 போல்ட் ஒன்னே மூணு டன்னுக்கு மேல தாங்கும். ஆனா அதைப் பிடிக்கறது ஒரு மில்லி சுமார் இருக்கற தகடும், 20 மில்லி வட்டம் உள்ள ஒரு சாதா வாசரும். போல்ட்டு அப்படியே இருக்கும், தகடு கிழிஞ்சு வாசரோட மேல வந்துரும், துணியில பட்டன் பிச்சுக்கிட்டு வர்ற மாதிரி. கம்பெனிக்காரங்க சும்மாவா சீட்டு போல்ட் வர்ற இடத்துல மட்டும் அடியில ரெண்டாவது தகடு வச்சு ஸ்பாட் வெல்டு போட்டிருக்காங்க. படுத்து அடியில போய்ப் பாருங்க, தெரியும்.

அதனால என் பழக்கம், கம்பெனி போட்ட நாலு இடத்தை விட்டு வெளிய போறதே இல்ல. பழைய சீட்டு எந்த நாலு போல்ட்ல நின்னுச்சோ அதே நாலுல ஒரு அடாப்டர் பிரேம் உக்காரும், அந்தப் பிரேம் மேல இன்னோவா சீட்டு உக்காரும். பிரேமுக்கு 40க்கு 5 மில்லி ஆங்கிள் எடுத்தாலும் சரி, 40க்கு 40 ஸ்கொயர் பைப் 3 மில்லி கனம் எடுத்தாலும் சரி. ஸ்கொயர் பைப் எடுத்தா ஒரு விஷயம், பைப்பைத் துளைச்சு போல்ட் போட்டு முடுக்குனா பைப்பு நசுங்கும், நசுங்க நசுங்க போல்ட்டு லூஸ் ஆகும், நீங்க மறுபடி முடுக்குவீங்க, மறுபடி நசுங்கும். ஓட்டைக்குள்ள பைப்போட உள் ஒசரத்துக்குச் சரியா ஒரு இரும்பு புஷ் (கனமான குழல் துண்டு) வெட்டி நிறுத்தி வெல்டு வைக்கணும், அப்பதான் இறுக்கம் புஷ் மேல இறங்கும். பட்டறைக்காரங்களே நெறைய பேரு இதைப் பண்ண மாட்டாங்க, கேட்டு வாங்குங்க. குறுக்கே ரெண்டு, நெடுக்க ரெண்டுன்னு பெட்டி மாதிரி மூடுன பிரேமா இருக்கணும், நாலு காலும் தனித்தனி குச்சி மாதிரி நின்னா சைடுல ஆடும்.

உங்க வண்டியில ஏதாவது ஒரு இடம் துரு தின்னு போயிருந்து வேற வழியே இல்லாம புது ஓட்டை போட வேண்டி வந்தா, ரேஸ் வண்டிகளுக்கு எஃப்ஐஏ (உலக அளவுல கார் ரேஸுக்கு விதி போடுற அமைப்பு) வச்சிருக்கற கணக்கைப் பிடிங்க, அது எனக்குப் பிடிச்ச கணக்கு: ஒரு சீட்டுக்குக் குறைஞ்சது நாலு இடம், போல்ட் எம் 8க்குக் குறையக்கூடாது, ஒவ்வொரு இடத்துலயும் அடியில 3 மில்லி இரும்புப் பட்டா, அது தரையைத் தொடுற பரப்பு 40 சதுர சென்டிமீட்டர். ஆறரைக்கு ஆறரை சென்டிமீட்டர் வெட்டுனா வந்துரும். நான் இன்னும் பெருசா 10க்கு 10 வெட்டி, மூலையை உருட்டி விடுவேன், கூர் மூலை இருந்தா தகட்டைக் கீறி அங்கருந்தே விரிசல் ஆரம்பிக்கும். ரெட் ஆக்சைடு அடிச்சுட்டு வைங்க. பட்டா வைக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தரையைத் தட்டிப் பாருங்க, நல்ல தகடு கணீர்னு கேக்கும், உளுத்தது அட்டையைத் தட்டுற மாதிரி கேக்கும். தக்காளி வண்டின்னா கழுவுற தண்ணி உள்ள வரும், மேட்டுக்கு அடியில சணல் விரிப்பு ஈரம் பிடிச்சே கெடக்கும், அதையெல்லாம் உரிச்சுப் பாக்காம ஆரம்பிக்காதீங்க. தரையே உளுத்திருந்தா இது சீட்டு வேலை இல்ல, தகடு வேலை, அதை முதல்ல முடிக்கணும்.

சில பேரு இன்னும் உறுதியா இருக்கட்டும்னு தரையைத் துளைச்சு அடியில சேசிஸ்ல போல்ட்டைக் கட்டுவாங்க. 207 மாதிரி சேசிஸ் தனி, கேபின் தனி வண்டியில அது தப்பு. கேபின் ரப்பர் புஷ் மேல உக்காந்திருக்கு, மேட்டுல பள்ளத்துல கேபினும் சேசிஸும் ஒன்னுக்கொன்னு அசையும். ரெண்டையும் போல்ட்டால தைச்சுட்டா ஒவ்வொரு அசைவுக்கும் தரைத் தகடு இழுபடும், சேசிஸ் அதிர்வு முழுசும் அப்பா முதுகுக்கு வரும். இது உறுதி.

பழைய போல்ட்டைக் கழட்டுறதுதான் உங்களுக்கு உண்மையான தலைவலியா இருக்கும், பதினெட்டு வருஷத் துரு. முந்தின நாள் ராத்திரியே அடியில இருந்து நட்டுக்கு டபிள்யூடி 40 அடிச்சு வச்சுருங்க, இல்லைன்னா டீசல் ஊத்தி வைங்க. ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ மட்டும், ஓபன் ஸ்பேனர் போட்டா தலை உருண்டுரும். கால் சுத்து கழட்டு, திருப்பி முடுக்கு, மறுபடி கால் சுத்துன்னு துருவை அரைச்சு அரைச்சு எடுக்கணும். ஒரேயடியா பைப்பு போட்டு இழுத்தா தரைக்கு அடியில வெல்டு பண்ணியிருக்கற நட்டு பிச்சுக்கிட்டு போல்ட்டோடயே சுத்த ஆரம்பிக்கும், அப்புறம் அடியில ஒருத்தர் படுத்து நட்டைப் பிடிக்கணும், பிடிக்க இடம் இருக்காது, கிரைண்டர்ல தலையை வெட்டித்தான் எடுக்கணும். வெட்டறதுக்கும் வெல்டிங்குக்கும் முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டிருங்க, அடியில டீசல் பைப்பும் ஒயரும் எந்த வழியா போகுதுன்னு பாத்துக்கோங்க. ஜீப் வகை வண்டி வச்சிருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா, சில பழைய ஜீப்புல டிரைவர் சீட்டுக்கு நேர் அடியிலயே டேங்க்கு, டிரில்லை எடுக்கறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க சாமி. வெல்டிங்கை வண்டிக்குள்ள முழுசா பண்ணாதீங்க, உள்ள வச்சு நாலு புள்ளி டாக் மட்டும் வச்சு அளவைப் பிடிச்சுக்கிட்டு, பிரேமை வெளிய எடுத்துட்டு வந்து முழு வெல்டு போடணும். வெல்டிங் கை பழகாதவரா இருந்தா அந்த ஒரு வேலையை மட்டும் பட்டறையில குடுத்துருங்க, வெளிய பளபளன்னு இருந்து உள்ள பிடிக்காத வெல்டை போட்டோ பாத்து என்னாலயும் சொல்ல முடியாது.

பெல்ட்டு. இதை யாருமே கேக்க மாட்டேங்குறாங்க. உங்க 207ல பெல்ட்டோட பக்கிள் எங்க பிடிச்சிருக்கு, தரையிலயா சீட்டுலயா, முதல்ல அதைப் பாருங்க. இன்னோவா முன்சீட்டுல பக்கிள் சீட்டு ஓரத்துலயே வரும். அந்த பக்கிளை உங்க பழைய பெல்ட்டுக்கு உபயோகப்படுத்த முடியாது, ஒரு கம்பெனி நாக்கு இன்னொரு கம்பெனி பக்கிள்ல சரியா பூட்டாது, சில சமயம் "கிளிக்"னு சத்தம்கூட வரும் ஆனா இழுத்தா கழண்டு வரும், அது இன்னும் ஆபத்து. உங்க வண்டியோட பக்கிள் தரையில இருந்தா அதை அங்கயே விடுங்க, தொடவே வேண்டாம், அதுதான் உங்களுக்கு நல்லது, ஏன்னா ஆளோட இழுப்பு முழுசும் நீங்க செஞ்ச பிரேமுக்கு வராம கம்பெனி போட்ட இடத்துக்குப் போகும். ஒரு பெல்ட்டுக்கு மேல் பகுதியை 1,350 கிலோ, இடுப்புப் பகுதியை 1,350 கிலோ அளவு இழுத்துத்தான் அந்த இடங்களைச் சோதிக்கணும்னு விதியே இருக்கு, அதை வீட்டுல செஞ்ச ஒரு பிரேம் மேல ஏத்திக்காதீங்க. புது சீட்டு அகலமா இருந்து பக்கிள் சீட்டுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டா அந்த சீட்டே உங்க வண்டிக்கு ஆகாது, வேற சீட்டு பாருங்க. இன்னொன்னு, பெல்ட்டு ஆங்கர் போல்ட் மில்லி கணக்கு கிடையாது, உலகம் பூராவும் பெரும்பாலும் 7/16 அங்குல யுஎன்எஃப் மரை, 11 மில்லி சொச்சம். தொலைஞ்சு போச்சுன்னா எம் 12 போட்டு அடிச்சு ஏத்தாதீங்க, எம் 10 லூஸா இருக்கும்னு டேப் சுத்தாதீங்க, பெல்ட்டு போல்ட்டுன்னே கேட்டு வாங்குங்க.

சீட்டுக்கு அடியில மஞ்சள் கலர் கனெக்டர் தொங்குச்சுன்னா அது ஏர்பேக்கோ, பெல்ட்டை வெடிச்சு இழுக்கற ப்ரீ-டென்ஷனரோ. பழைய இன்னோவாவுல பெரும்பாலும் இருக்காது, புது மாடல் வண்டி சீட்டுன்னா சைடு ஏர்பேக் சீட்டு முதுகுக்குள்ளயே இருக்கும். அந்த சீட்டை வாங்காதீங்க. வாங்கிட்டு ஒயரை வெட்டி விட்டா போதும்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க, டெஸ்ட் லேம்ப்பு, மல்டிமீட்டர் எதையும் அதுல வைக்காதீங்க.

உக்காருற ஒசரத்தை பிரேம் வெட்டுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும், வெட்டுன பிறகு இல்ல. பழைய சீட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி, அப்பா உக்காந்திருக்கும்போது தரையில இருந்து அவர் தொடை ஒசரம், தலைக்கும் கூரைக்கும் நடுவுல எவ்வளவு இடம்னு அளந்து எழுதி வச்சுக்கோங்க. அப்புறம் புது சீட்டை தரையில மரக்கட்டை மேல வச்சு, கட்டையை ஏத்தி இறக்கி அவரை உக்கார வைங்க. வண்டி நின்ன இடத்துலயே, ஓட்டக்கூடாது. கிளச்சை முழுசா மிதிக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கணும், முதுகு சீட்டை விட்டு வராம மணிக்கட்டு ஸ்டியரிங் உச்சியில படணும், தொடைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல கை முஷ்டி போகணும், தலைக்கு மேல குழியில குதிக்கற அளவுக்கு இடம் வேணும். கார் சீட்டு மெத்தை கனமா இருக்கும், அதோட ஸ்லைடரும் (சீட்டை முன்ன பின்ன நகத்துற தண்டவாளம்) சேந்தா உங்க பழைய சீட்டை விட ஒசரமாயிரும், ஆளுங்க பெரும்பாலும் கோட்டை விடுற இடம் இதுதான். முன்பக்கத்தை பின்பக்கத்தை விட 15, 20 மில்லி ஒசத்தி வைங்க, தொடைக்குத் தாங்கல் கிடைக்கும், மோதும்போது ஆளு பெல்ட்டுக்கு அடியில வழுக்கிப் போறதும் குறையும். சீட்டு நடு, ஸ்டியரிங் நடு ரெண்டும் ஒரே கோட்டுல வருதான்னு நூல் பிடிங்க. இதுல ரெண்டு இன்ச் தள்ளியிருந்தா இடுப்பு முறுக்கியே ஓட்ட வேண்டி வரும், அப்ப ஏழாயிரம் ரூபாய் குடுத்து வலியை வாங்குன மாதிரிதான்.

ஸ்லைடர்ல ஒரு நுணுக்கம் இருக்கு. ரெண்டு பக்கத் தண்டவாளமும் ஒன்னுக்கொன்னு இணையா, ஒரே மட்டத்துல இருக்கணும், பிரேம் ரெண்டு மில்லி முறுக்கா இருந்தாலும் ஒரு பக்கம் லாக் விழும், இன்னொரு பக்கம் பல்லு மேல ஏறி நிக்கும். நாலு போல்ட்டையும் லூஸா போட்டு, சீட்டை கடைசி வரைக்கும் முன்னாடி தள்ளி, கடைசி வரைக்கும் பின்னாடி தள்ளி, தானா இடம் பிடிக்க விட்டு, அப்புறம் மூலைக்கு மூலை மாத்தி மாத்தி முடுக்குங்க. எம் 10, 8.8க்கு 45 நியூட்டன் மீட்டர் சுமார், டார்க் ரெஞ்ச் இல்லைன்னா ஒரு முழ நீளக் கைப்பிடியில ஒரு கையால நல்லா இழுக்கற அளவு, காலால மிதிக்க வேண்டாம். அடியில நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் வச்சது, அதிர்வுல லேசுல கழலாது). அப்புறம் லிவரை விட்டுட்டு சீட்டைப் பிடிச்சு பலமா முன்னும் பின்னும் ஆட்டுங்க, ரெண்டு பக்கமும் "டக்"னு லாக் விழுந்த சத்தம் கேக்கணும். பிரேக் அடிக்கும்போது டிரைவர் சீட்டு ஓடுனா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இவ்வளவும் சொல்லிட்டு ஒன்னு கேக்குறேன், சீட்டை மாத்தியே ஆகணுமா? என் கடைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்திருந்தா நான் பழைய பிரேமை விட்டிருக்க மாட்டேன். அது அந்த வண்டிக்குன்னே செஞ்சது, ஒசரம், பெல்ட்டு, ஓட்டை எல்லாமே ஒத்து வந்தது, கெட்டுப் போனது மெத்தையும் ரெண்டு ஸ்பிரிங்கும்தான். ரெக்சினை உரிச்சா உள்ள என்ன இருக்கும்னா, அந்தக் காலத்து ரப்பர் காயர் பொடிப் பொடியா கொட்டும், ஜிக்ஜாக் ஸ்பிரிங் இடது பக்கம் கொக்கி அறுந்து தொங்கும், அந்தக் கம்பிதான் உங்க அப்பா தொடையில குத்துறது. ஸ்பிரிங்கை மாத்தி, ஸ்பிரிங்குக்கும் மெத்தைக்கும் நடுவுல கனமான கேன்வாஸ் துணி வச்சு, 40 டென்சிட்டி ஃபோம் நாலு இன்ச் போட்டு, மேல ஒரு இன்ச் சாஃப்ட் ஃபோம் ஒட்டி, வேர்க்காத துணி கவர் தச்சா வேலை முடிஞ்சது. சோபாவுக்குப் போடுற லேசான ஃபோம் வாங்கிப் போட்டா முதல் வாரம் சொர்க்கம், மூணு மாசத்துல பழைய கதை. இது வீட்டுலயே ஒரு ஞாயித்துக்கிழமையில நீங்களும் ஒரு டெய்லரும் சேந்து முடிக்கற வேலை, மோதுனா நிக்குமான்னு யோசிக்க வேண்டிய அவசியமே இல்ல.

வலி பாதிதான் தீரும்னு மேல சொன்னேன்ல, காரணம் இதுதான். உக்காந்திருக்கற மனுஷ உடம்பு மேல கீழ அதிர்வுல வினாடிக்கு 4ல இருந்து 8 தடவை அதிர்ற அதிர்வைத்தான் ரொம்ப வாங்கும், முதுகெலும்பு அந்த வேகத்துலதான் கூட சேந்து ஆடும். சாதாரண ஃபோம் சீட்டும் கிட்டத்தட்ட 4 தடவைக்குப் பக்கத்துல ஊஞ்சல் மாதிரி ஆடக்கூடியது, அதனால அந்த அதிர்வைக் குறைக்காம கூட்டித்தான் குடுக்கும். மெத்துமெத்துன்னு சீட்டு போட்டவங்க "இப்ப வலி ஜாஸ்தியாயிருச்சு"ன்னு வந்ததை நான் நெறைய பாத்திருக்கேன், காரணம் இதுதான்னு எனக்குப் பிற்பாடுதான் புரிஞ்சுது. தக்காளி இறக்கிட்டு காலி வண்டியா திரும்பும்போதுதான் அப்பாவுக்கு வலி ஜாஸ்தியான்னு கேட்டுப் பாருங்க. ஆமாம்னா குத்தம் பட்டா ஸ்பிரிங்லயும் (லீஃப் ஸ்பிரிங்) ஷாக் அப்சார்பர்லயும் இருக்க நெறைய வாய்ப்பு, பட்டா இலைகளுக்கு நடுவுல துரு பிடிச்சு ஒட்டிக்கிட்டா ஸ்பிரிங்கா வேலை செய்யாது, கட்டையாயிரும். பின் ஷாக்கை ஒரு பார்வை பாருங்க, எண்ணெய் வடிஞ்ச தடம் இருந்தா செத்துப் போச்சு. இது எல்லாம் சீட்டை விட முன்னாடி பாக்க வேண்டியது. அவருக்கு வலி காலுக்கு இறங்குதுன்னாலோ மரத்துப் போகுதுன்னாலோ அது என் வேலையும் இல்ல, மெக்கானிக் வேலையும் இல்ல, டாக்டரைப் பாக்கணும்.

சட்டம் பத்தி ரெண்டு வார்த்தை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சியில இருக்கற விவரம் கம்பெனி அமைப்புல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுங்குது. ஆர்சியில எத்தனை சீட்டுன்னு எழுதியிருக்கும், அதைக் கூட்டவும் குறைக்கவும் கூடாது. உங்களுது ஓட்டுனர் பக்கத்துல ரெண்டு பேரு உக்காருற நீள சீட்டா இருந்தா, அதை எடுத்துட்டு இன்னோவா ஒத்தை சீட்டு போட்டா எண்ணிக்கை மாறுது, அதைப் பண்ணாதீங்க, டிரைவர் சீட்டை மட்டும் மாத்துங்க. எண்ணிக்கை மாறாம சீட்டு மட்டும் வேற ரகமா இருந்தா எஃப்சியில (வண்டி ஓடத் தகுதியான்னு பாக்குற சோதனை) விட்டுட்டாங்கன்னு சொன்னவங்களும் இருக்காங்க, ஒரிஜினல் மாட்டிக்கிட்டு வான்னு திருப்பி அனுப்புனதும் நடந்திருக்கு, அது பாக்குற அதிகாரியைப் பொறுத்தது. எட்டு வருஷம் தாண்டுன சரக்கு வண்டின்னா வருஷா வருஷம் எஃப்சி, அதனால பழைய சீட்டை எடைக்குப் போட்டுறாதீங்க, பரண்ல கெடக்கட்டும். பெல்ட்டு போடலைன்னா 1,000 ரூபாய் அபராதம்ங்கறது தனி.

இல்லண்ணா, இன்னோவா சீட்டுதான் போடப் போறேன்னா, வாங்கும்போது இதைப் பாருங்க. புதுப்பேட்டையோ உக்கடமோ எங்க வாங்குனாலும் அந்தச் சீட்டு பெரும்பாலும் மோதி நொறுங்குன வண்டியில இருந்து வந்திருக்கும். சமமான சிமெண்ட் தரையில வச்சு நாலு மூலையையும் அமுக்குங்க, ஆடுனா பிரேம் முறுக்கிருச்சு, விட்டுருங்க. முதுகைச் சாய்க்கற ரிக்ளைனர்ல உக்காந்து முன்னும் பின்னும் ஆடுங்க, கட கடன்னு ஆட்டம் இருந்தா வேண்டாம். ஸ்லைடர் தண்டவாளத்துக்குள்ள விரலை விட்டு வழிங்க, வண்டல் மாதிரி மண்ணு வந்தா வெள்ளத்துல கெடந்த வண்டி. 2015 சென்னை வெள்ளத்துக்கு அப்புறம் ரெண்டு மூணு வருஷம் எங்க பக்கம் வரைக்கும் அந்த மாதிரி சீட்டு வந்துச்சு, மேல ஷாம்பு போட்டுக் கழுவி சென்ட் அடிச்சிருப்பாங்க, மெத்தையை அமுக்கி மோந்து பாத்தா குட்டை நாத்தம் தெரிஞ்சுரும், ஸ்பிரிங்கும் ரிக்ளைனர் பல்லும் உள்ளுக்குள்ளயே துருவா போயிருக்கும். முன்சீட்டுதானான்னு பாருங்க, கைப்பிடி வச்ச நடு வரிசை சீட்டை "கேப்டன் சீட்டு"ன்னு பெருமையா தள்ளி விடுவாங்க, அதோட காலும் பிடிப்பும் வேற, டிரைவர் இடத்துக்கு ஆகாது. கூடவே பழைய பெல்ட்டு செட்டையும் இலவசமா தர்றேன்னா வாங்காதீங்க, ஒரு தடவை மோதல்ல இழுபட்ட பெல்ட்டு நாடா மறுபடி அதே மாதிரி வேலை செய்யாது.

மாட்டுன பிறகு ஒவ்வொரு நட்டு மேலயும் போல்ட் மேலயும் சேந்த மாதிரி பெயிண்டால ஒரு கோடு இழுத்து விடுங்க. ஒரு வாரம், அப்புறம் ஒரு மாசம் கழிச்சு அடியில டார்ச் அடிச்சு கோடு விலகியிருக்கான்னு பாருங்க. விலகியிருந்தா சும்மா முடுக்கி விட்டுறாதீங்க, தகட்டுல விரிசல் இருக்கான்னு பாத்துட்டு முடுக்குங்க. அப்பறம், வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேட்டைத் தூக்கி தரையையும், அடியில படுத்து நாலு நட்டையும், பக்கிள் பிடிச்ச இடத்தையும் போட்டோ எடுத்து இங்கயே போடுங்க, வெளிச்சமா எடுங்க, ஸ்கேலோ ரூபாய் காயினோ பக்கத்துல வச்சு எடுத்தா அளவு புரியும். அதைப் பாத்துட்டு பிரேம் அளவு சொல்றேன்.